இடுக்கான கரைகளுக்கு எத்தனை அடி ஸ்பின்னிங் ராடு? நான்கு நீளங்களின் மதிப்பீடு

ஸ்பின்னிங் ராடு, அதாவது ரீல் மாட்டி வீசும் தூண்டில் கோல், வாங்க நினைக்கும் எவரும் முதலில் கேட்பது எத்தனை அடி என்பதைத்தான். கடையிலும் நண்பர்களிடமும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஏழு அடி. அந்தப் பதிலில் பிழை இல்லை. ஆனால் அது மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையிலோ நாகப்பட்டினம் கடற்கரையிலோ முதுகுக்குப் பின்னால் வெட்டவெளியை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு உரிய பதில். கல்லணையைத் தாண்டியதும் காவிரி பல கிளைகளாகப் பிரிந்து, பிரிந்தவை மறுபடியும் பிரிந்து, நீர்வளத்துறைக் கணக்கில் ‘சி’, ‘டி’ என்று பெயர் பெறும் சிறு வாய்க்கால்களாக வயலுக்குள் நுழையும் எங்கள் பகுதியில், விரால் கிடக்கும் தண்ணீர் பெரும்பாலும் ஒருவர் கையை நீட்டி நிற்பதற்கே இடம் கொடுக்காத தண்ணீர். தலைக்கு மேல் மூங்கில் கொத்தும், தோளுக்குப் பின் தென்னங்கீற்றும், காலுக்கு முன் நெய்வேலிக் காட்டாமணக்கும் நிற்க, இரண்டரை அடி அகலக் கரையில் நின்று தூண்டில் வீச வேண்டியவருக்கு ஏழு அடி என்ற பதில் எவ்வளவு உதவும் என்பதைப் பார்க்கவே நான்கு நீளங்களை வாங்கிப் பயன்படுத்தினேன்.

2024ஆம் ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஐத் தாண்டி ஜூலை 28 அன்றுதான் திறந்தது. அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்கால்களுக்கு வந்து சேர்ந்த நாள்களில் தொடங்கி, 2025இல் ஜூன் 12 அன்றே திறந்த அடுத்த பருவம் வரை, நீடாமங்கலம், மன்னார்குடி, பாபநாசம் சுற்றுவட்டாரங்களில் ஐந்தரை, ஆறு, ஏழு, எட்டு அடி ராடுகளை மாற்றி மாற்றிக் கொண்டுபோனேன். சென்டிமீட்டரில் சொன்னால் 168, 183, 213, 244. நீளத்தை மட்டும் ஒப்பிட வேண்டும் என்பதால் நரம்பைச் சுற்றி வைக்கும் ரீல் நான்குக்கும் ஒன்றே: 2500 அளவு, அதில் 30 பவுண்டு இழுவையைத் தாங்கும் பிரெய்டு (பின்னல்) நரம்பு. லூரும் (செயற்கை இரை) பெரும்பாலும் ஒன்றே: பத்து கிராம் எடையுள்ள, உள்ளே காற்று நிறைந்த ரப்பர் தவளை. ராடுகள் வெவ்வேறு நிறுவனங்களுடையவை. அவற்றின் பெயர்களைச் சொல்லப் போவதில்லை, ஏனெனில் இங்கே நான் மதிப்பிடுவது நிறுவனத்தை அல்ல, நீளத்தை.

முதலில் இடுக்கு என்ற சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் நீளம் பற்றிப் பேசுவதால்தான் ஒருவர் குட்டை ராடுதான் சரி என்றும் மற்றொருவர் நீள ராடுதான் சரி என்றும் சொல்லி, இரண்டு பேருமே தத்தம் கரையைப் பொறுத்தவரை உண்மையைச் சொன்னவர்களாக இருக்கிறார்கள். தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் உள்ள இடுக்கு ஒன்று; காலுக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள இடுக்கு மற்றொன்று. முதல் வகை ராடைச் சுழற்ற விடாது. இரண்டாம் வகையில் சுழற்ற இடம் இருக்கும். ஆனால் மாட்டிய மீனைக் கரைக்குக் கொண்டுவர வழி இருக்காது. மூங்கில் தோப்பை ஒட்டிய வாய்க்கால் முதல் வகைக்கு உதாரணம். வயல்வெளியின் நடுவே, மேலே வானம் திறந்திருக்க, கரையோரம் மூன்று நான்கு அடி அகலத்துக்குக் காட்டாமணக்கோ ஆகாயத்தாமரையோ அடைத்துக் கிடக்கும் வடிகால் இரண்டாம் வகைக்கு உதாரணம். முதல் வகைக்குக் குட்டை ராடும் இரண்டாம் வகைக்கு நீள ராடும் வேண்டும். இரண்டும் சேர்ந்து வரும் கரையில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. டெல்டாவில் பாதிக் கரைகள் அப்படித்தான் இருக்கின்றன.

ஏழு அடி ராடு வெட்டவெளியில் தரும் மகிழ்ச்சியை மறுக்க மாட்டேன். நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பைத் தாண்டி, ஆறு அகன்று கரை உயர்ந்து நிற்கும் இடங்களில், தலைக்கு மேலாக ஒரே வீச்சில் எதிர்க்கரையின் நிழல் வரை அது தவளையைக் கொண்டுபோய் வைத்தது. (மதகுக்கு அருகே நிற்பதைத் தவிர்க்க வேண்டும், அதன் கதவான சட்ரஸைத் திறந்தால் நீரின் வேகம் நொடியில் மாறும்.) அதே ராடை அங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள ஒரு கிளை வாய்க்காலுக்குக் கொண்டுபோனபோது, முதல் அரை மணி நேரத்தில் மூன்று முறை தவளையைத் தென்னங்கீற்றிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் முறை நரம்பை அறுத்துவிட்டேன்.

தென்னையைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் ராடின் நீளத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், மன்னார்குடியிலிருந்து பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை வரை வளர்ந்து நின்ற தென்னைகளைச் சாய்த்தது. முன்பு அந்த மரங்களுக்கு அடியில் நின்று வீசுவது எளிது. கீற்றுகள் நாற்பதடி உயரத்தில் இருந்தன, அடிமரத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். புயலுக்குப் பிறகு நட்ட கன்றுகள் இப்போது ஆறேழு வயது மரங்களாக, மட்டைகள் தலை உயரத்திலேயே நாலாபக்கமும் விரிந்து தாழ்ந்து நிற்கின்றன. ஆகவே பழைய தோப்புகளில் ஏழு அடி ராடைத் தடையின்றி வீசிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லும் அறிவுரை, அதே தோப்பில் இன்று பொருந்துவதில்லை. விழுந்த மரங்கள் சில வாய்க்காலுக்குக் குறுக்கே நடைபாலமாகவும், சில தண்ணீருக்குள் கட்டையாகவும் கிடக்கின்றன. விரால் அந்தக் கட்டைகளுக்கு அடியில்தான் கிடக்கிறது. மீன் கிடைக்கும் இடமும் ராடு எட்டாத இடமும் ஒன்றாகிவிட்டதால் நீளத்தைப் பற்றி முன்னைவிடக் கவனமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஏழு அடி சரிப்படாததால் மறுமுனைக்குத் தாவி ஐந்தரை அடி ராடை வாங்கினேன். மேலிடுக்கைப் பொறுத்தவரை அது அருமையான கருவி. மூங்கில் புதருக்குள் குனிந்து உட்கார்ந்துகொண்டே பக்கவாட்டில் மணிக்கட்டை மட்டும் அசைத்து, பதினைந்து அடி தூரத்தில் ஒரு தட்டு அகல இடைவெளியில் தவளையை வைக்க முடிந்தது. எடையும் குறைவு, மாலை முழுவதும் வீசினாலும் கை வலிக்கவில்லை. கெண்டை, ஜிலேபி, சிறு குறவை ஆகியவற்றுக்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை என்றே சொல்வேன். குழந்தைகளுக்கு முதல் ராடு வாங்கித் தருபவர்கள் வேறு யோசனை இல்லாமல் இதையே வாங்கலாம்.

ஆனால் எனக்குக் கிடைத்த ஐந்தரை அடி ராடுகள் எல்லாமே லைட் அல்லது மீடியம் லைட் பவர் கொண்டவை. ராடின் மீது அச்சிட்டிருக்கும் இந்தச் சொல் நீளத்தைப் போலவே முக்கியமானது: ராடு வளைவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதைச் சொல்வது பவர், எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பதைச் சொல்வது ஆக்ஷன். ஒன்றரைக் கிலோ விரால் கவ்வியபோது அந்த லைட் ராடு நடுப்பகுதிவரை வளைந்து கொடுத்துக்கொண்டே இருந்தது. நான் இழுப்பதாக நினைத்த நேரத்தில் மீன் ஆகாயத்தாமரையின் வேர்க்கொத்துக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. இடுக்கான தண்ணீரில் மீனை விளையாட விட்டுக் களைக்கவைக்கும் வசதி கிடையாது. கவ்விய நொடியிலிருந்து இரண்டு மூன்று விநாடிக்குள் அதன் தலையைத் திருப்பியாக வேண்டும். குட்டை ராடு வேண்டும், ஆனால் அது விறைப்பாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கும் மிகக் குறைந்த நீளம், நான் கண்டவரையில், ஆறு அடி.

ஆறு அடி, மீடியம் ஹெவி பவர் (விறைப்பானது), ஃபாஸ்ட் ஆக்ஷன் (நுனிப்பகுதியில் வளைவது), இரண்டு துண்டு. நான்கில் நான் அதிகமாகக் கையிலெடுத்தது இதைத்தான். காரணம் ஆறு என்ற எண் மட்டும் அல்ல.

ராடின் நீளம் என்று அச்சிட்டிருப்பது அடிப்பிடியிலிருந்து நுனி வரையிலான மொத்த நீளம். அதில் ரீல் பொருத்தும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதி தூண்டிலை எங்கும் கொண்டுபோவதில்லை. என்னுடைய ஏழு அடி ராடில் அந்தப் பின்பகுதி 14 அங்குலம். ஆறு அடி ராடில் 8 அங்குலம். ஆகவே கைக்கு முன்னால் இருக்கும் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒன்று 70 அங்குலம், மற்றொன்று 64 அங்குலம். ஓரடி வித்தியாசம் என்று நாம் நினைத்ததில் பாதி, முழங்கைக்குப் பின்னால் போய்விட்டது. ஒரே வேகத்தில் மணிக்கட்டைத் திருப்பினால் நுனியின் வேகம் கைக்கு முன்னால் உள்ள நீளத்துக்கு ஏற்ப அமையும் என்பதால், ஏழு அடியின் நுனி ஆறு அடியின் நுனியைவிட ஏறத்தாழ ஒன்பது சதவீதமே வேகமாகச் செல்கிறது. முப்பது அடி அகல வாய்க்காலில் அந்த ஒன்பது சதவீதத்தால் எந்தப் பயனும் இல்லை. மாறாக, பின்னால் நீண்ட அந்த ஆறு அங்குலம் ஒவ்வொரு வீச்சிலும் இடுப்பில் இடித்தது, சட்டையில் மாட்டியது. மரத்தில் சாய்ந்து நிற்கும்போது முழங்கையை மடக்கவே விடவில்லை. இடுக்கான இடத்துக்கு ராடு பார்ப்பவர்கள் மொத்த நீளத்தைப் பார்ப்பதற்கு முன் பின்பிடியின் நீளத்தைப் பார்க்க வேண்டும் என்பதே இந்த இரண்டு பருவங்களில் நான் கற்றதில் முதன்மையானது. ரீலைப் பிடித்த கையை மடக்கினால் பின்பிடி முழங்கையைத் தாண்டக் கூடாது. முன்கையின் நீளத்துக்குள்ளேயே அடங்கிவிட வேண்டும்.

இதைக் கடையில் நின்று அளந்து பார்க்கலாம். இணையத்தில் வாங்கும்போது முடியாது. நான் முதலில் இணையத்தில் வாங்கிய ஆறு அடி ராடின் பின்பிடி, படத்தில் தெரிந்ததைவிட மிக நீளமாக இருந்தது. விவரப் பட்டியலில் மொத்த நீளமும் எடையும் மட்டுமே இருந்தன. விற்பனையாளரிடம் கேட்டபோது பிடியின் அளவு தங்களிடம் இல்லை என்றார்கள். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, கடையில் நேரில் பார்த்து வாங்கியதுதான் இப்போது இருப்பது. வீண் செலவைவிட, ஆடி மாதத்தின் நல்ல இரண்டு வாரங்கள் அதில் போனதே எனக்கு வருத்தம்.

தலைக்கு மேலே வீச முடியாத இடத்தில் ஆறு அடி ராடு மூன்று விதமான வீச்சுகளுக்கு இடம் கொடுக்கிறது. பக்கவாட்டு வீச்சு எல்லோரும் அறிந்தது. அதற்கு ஒரு பக்கமாவது கையும் ராடும் சேர்ந்த நீளத்துக்கு, அதாவது ஏறத்தாழ எட்டு அடிக்கு, வெற்றிடம் வேண்டும். அதுவும் இல்லாத இடத்தில் ஊஞ்சல் வீச்சு: ராடின் நீளத்தைவிடச் சற்றுக் குறைவாக நரம்பை விட்டு, தவளையை இடக்கையில் பிடித்துக்கொண்டு, ராடின் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி மெல்ல உயர்த்தும்போது தவளையை விட்டுவிட்டால், அது தண்ணீர்மட்டத்தை ஒட்டியே ஊசலாடிச் சென்று சத்தமின்றி இறங்கும். கிளைகள் தாழ்ந்து தொங்கும் இடத்தில் இதைவிடச் சுத்தமான வீச்சு கிடையாது. இதற்கு மட்டும் ராடு சற்று நீளமாக இருப்பது நல்லது; ஐந்தரை அடியில் ஊசல் குறுகிவிடுகிறது, ஆறில் போதுமான அளவு கிடைக்கிறது.

மூன்றாவது, அம்பு எய்வது போன்ற வீச்சு. இதற்கு மேலேயும் பின்னேயும் பக்கத்திலும் இடமே வேண்டாம். முன்னால் ஒரு துவாரம் இருந்தால் போதும். நுனியிலிருந்து நான்கடி நரம்பை விட்டு, தவளையை வயிற்றுப் பக்கமாகப் பிடித்துப் பின்னால் இழுத்தால் ராடு வில்லாக வளையும். குறிபார்த்து விட்டதும் வலக்கை விரலிலிருந்து நரம்பையும் விட்டுவிட வேண்டும். முள்ளின் கூர்முனை விரலுக்கு எதிர்ப்பக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும், இதில் அவசரம் கூடாது. பதினைந்து, இருபது அடிக்கு மேல் இது போகாது. அந்தத் தூரமே வேண்டியதும். மீடியம் ஹெவி ராடின் நுனி மட்டும் சற்று இளக்கமாக, மேல் மூன்றில் ஒரு பங்கு வளையக்கூடியதாக இருந்தால்தான் பத்து கிராம் எடையுள்ள தவளைக்கு இந்த வீச்சு அமைகிறது. நுனியும் அடியும் ஒரே விறைப்பாக இருந்த வேறொரு ராடில் முயன்றபோது தவளை ஆறேழு அடியிலேயே விழுந்தது.

மீன் மாட்டிய பிறகு குட்டை ராடின் நன்மை இன்னும் தெளிவாகிறது. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நீள ராடு இருந்தால் பெரிய மீனை எளிதாக இழுக்கலாம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் ராடு என்பது நம் கையில் தாங்குமுனை வைத்த ஒரு நெம்புகோல். நுனியில் மீன் இழுக்க, நாம் அடியில் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நுனி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வசதி மீனுக்கு. ஒரே பலத்தோடு கையைத் திருப்பினால், குட்டை ராடு நரம்பில் கூடுதல் இழுவையைக் கொடுக்கும். பாமணியாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலில், ஆகாயத்தாமரைப் பரப்பின் நடுவே கவ்விய விராலை ஆறு அடி ராடால் தலையைத் திருப்பி, இலைகளின் மேலாகவே சறுக்கிக்கொண்டு வர முடிந்தது. அதே இடத்தில் முந்தைய வாரம் எட்டு அடி ராடோடு நின்றபோது, ராடு முழுதும் வளைந்து என் மணிக்கட்டு வலித்ததே தவிர மீன் அசையவில்லை.

இந்த எட்டு அடி ராடைக் குறைசொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. இரண்டாம் வகை இடுக்கு இன்னும் இருக்கிறது. பாபநாசத்துக்கு அருகே குடமுருட்டியின் கரையில், மூங்கில் கழியோடு ஒரு பெரியவரைப் பார்த்தேன். கழி ஒன்பது அடி இருக்கும். ரீல் இல்லை, வளையம் இல்லை, நுனியில் தங்கூசி நரம்பைக் கட்டி, அதன் முனையில் உயிர்த்தவளையை முள்ளில் கோத்திருந்தார். கரையோரக் காட்டாமணக்கின் மேலாகக் கழியை நீட்டி, செடிகளின் நடுவே தெரிந்த ஒரு சிறு குழித் தண்ணீரில் தவளையை மேலும் கீழும் தட்டிக்கொண்டிருந்தார். நான் எதிர்க்கரைக்கு வீசுவதைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி அவ்வளவு தூரம் வீசுறீங்க? மீனு காலடியிலதான கெடக்கு” என்றார். சிறிது நேரத்தில் அவர் ஒரு விராலைக் கவ்வவைத்து, செடிக்கு மேலாகச் செங்குத்தாகத் தூக்கிக் கரையில் போட்டார். நான் அன்று எதையும் பிடிக்கவில்லை.

அவருடைய கழியின் நீளம் வீசுவதற்காக அமைந்தது அல்ல. செடிகளைத் தாண்டி நுனியைத் தண்ணீருக்கு மேல் கொண்டுபோய் நிறுத்துவதற்காக அமைந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகக் கழியை நீளமாக வெட்டியதற்கு இதுவே காரணம் என்று எனக்கு அன்றுதான் புலப்பட்டது. ஆறு அடி ராடால் நான்கடி அகலக் காட்டாமணக்கு வேலியைத் தாண்டி நரம்பை நேராக இறக்க முடியாது. நரம்பு தண்டுகளில் உரசும், மீனை இழுக்கும்போது தண்டுகளைச் சுற்றிக்கொள்ளும். எட்டு அடி ராடை அந்தப் பெரியவரின் கழியைப் போல, வீசாமல், நீட்டி இறக்கிப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் அதற்கு என் கையில் வேலை கிடைத்தது. நரம்பு செடிகளுக்கு மேலேயே நிற்கிறது. தொய்வு இல்லாததால் மீன் கவ்வியதும் முள் உடனே ஏறுகிறது. மீனை மட்டும் ராடின் நுனியால் தூக்கக் கூடாது. மூங்கில் தாங்கும்; கார்பன் தாங்காது. ராடைச் செங்குத்தாக நிமிர்த்தி ஒரு விராலைத் தூக்க முயன்றபோது என் எட்டு அடி ராடின் நுனி மூன்று அங்குலம் முறிந்தது. தவறு ராடினுடையது அல்ல, வளைவு முழுவதும் நுனியில் மட்டும் விழும்படி பிடித்த என்னுடையது. இப்போது நரம்பைக் கையால் பிடித்து இழுக்கிறேன், அல்லது நீளக் காம்புள்ள வலையைக் கொண்டுபோகிறேன்.

நீள ராடு வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று மின்கம்பி. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். பம்புசெட்டுகளுக்குப் போகும் கம்பிகள் எங்கள் வயல்களின் குறுக்கே, சில இடங்களில் வாய்க்கால் கரையை ஒட்டியே, தாழ்ந்து தொய்ந்து செல்கின்றன. கையை உயர்த்தி எட்டு அடி ராடை நிமிர்த்தினால் நுனி பதின்மூன்று அடியைத் தாண்டும். அந்த நிலையில் ஈரக் கரையில் வெறுங்காலோடு நிற்பவர் எவ்வளவு பெரிய ஆபத்தில் இருக்கிறார் என்பதை விளக்க வேண்டியதில்லை. கம்பி செல்லும் கரையில் நான் எந்த ராடையும் எடுப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கும் மேகம் கூடினால் எந்த நீளமாக இருந்தாலும் ராடைக் கீழே வைத்துவிட்டு விலகிவிட வேண்டும்.

எடுத்துச் செல்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு துண்டாகும் ஆறு அடி ராடு மடக்கினால் மூன்றடிக்குச் சற்று மேல். நகரப் பேருந்தில் காலுக்கிடையில் வைத்துக்கொள்ளலாம், இருசக்கர வாகனத்தில் பக்கவாட்டில் கட்டிக்கொள்ளலாம். ஒரே துண்டாக வருவது இன்னும் உறுதியானது என்றாலும் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிப் பேருந்தில் அதை முறியாமல் கொண்டுவருவது கடினம். இழுத்து நீட்டும் வகை ராடுகள் சிறு கடைகளிலும் மலிவாகக் கிடைக்கின்றன, பையில் அடங்குகின்றன. கெண்டைக்கு அவை போதும். செடிக்குள்ளிருந்து விராலை இழுக்கும் வேலைக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்; இரண்டு மாதத்தில் துண்டுகள் தளர்ந்து, வளையங்கள் ஒரே கோட்டில் நிற்காமல் திரும்பிக்கொள்கின்றன.

இரண்டு துண்டு ராடில் பொருத்துமிடத்தைப் பார்த்து வாங்குங்கள். கடையில் பொருத்தி, நுனியைப் பிடித்து லேசாக அசைத்தால் டக் என்ற ஓசை வரக் கூடாது. அதே நேரத்தில் வளையங்களின் உள்விளிம்பில் பஞ்சைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். இழை சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது, அது பிரெய்டு நரம்பை அறுக்கும். இடுக்கான இடத்தில் ராடு கிளைகளில் உரசிக்கொண்டே இருப்பதால் வளையங்களின் கால்கள் வளைவதும் பீங்கான் விளிம்பு கழன்று விழுவதும் அடிக்கடி நடக்கும். ஆகவே ஒவ்வொரு முறை வீட்டுக்கு வந்ததும் இந்தப் பஞ்சுச் சோதனையைச் செய்வது என் வழக்கமாகிவிட்டது.

நீளத்தைப் பருவமும் மாற்றுகிறது. வாய்க்காலில் தண்ணீர் கரைமுட்ட ஓடும் ஆவணி, புரட்டாசியில் நிற்கும் இடத்துக்கும் தண்ணீருக்கும் இடைவெளி குறைவு. ஆறு அடி போதும், சில இடங்களில் ஐந்தரையே போதும். ஜனவரி 28 அன்று மேட்டூர் அணை வழக்கப்படி மூடிய பிறகு, மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றிக் குட்டைகளாக ஒதுங்கும்போது, கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே சேறும் கோரையுமாக ஆறேழு அடி விரிந்துவிடுகிறது. அப்போது மேலே மூங்கில் இருந்தாலும் சேற்றில் இறங்கி மூங்கிலுக்கு வெளியே வந்துவிடலாம் என்பதால் ஏழு அடி ராடுக்கு வேலை வருகிறது. ஒரே கரைக்கு இரண்டு பருவத்தில் இரண்டு நீளம் என்பது தொடக்கத்தில் எனக்கு விசித்திரமாகப் பட்டது. தண்ணீரை நம்பி வாழும் ஊரில் அது இயல்புதான்.

குட்டை ராடு மீனுக்கு மிக நெருக்கமாக நம்மைக் கொண்டுபோகிறது என்பதால் ஒரு வேண்டுகோள். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தண்ணீர்மட்டத்தில் குமிழியிட்டுக்கொண்டு நகர்வதைக் கண்டால், அதன் கீழே தாய் தந்தை விரால்கள் காவல் நிற்கின்றன. அந்த நேரத்தில் அவை எதை வீசினாலும் சீறிக் கவ்வும். ஆறு அடி ராடால் அவற்றைப் பிடிப்பது மிகமிக எளிது. பிடித்தால் அந்தக் குஞ்சுகள் அனைத்தும் குறவைக்கும் கெளுத்திக்கும் இரையாகும். தயவுசெய்து அங்கே வீசாமல் நகர்ந்து செல்லுங்கள். ஊர்க் குளங்களும் ஏரிகளும் பெரும்பாலும் மீன்பாசிக் குத்தகையில் இருப்பவை என்பதால் அங்கே கேட்காமல் தூண்டில் போடுவதும் முறையல்ல.

ஒரே ஒரு ராடு மட்டுமே வாங்க முடியும் என்பவருக்கு என் தேர்வு ஆறு அடி, மீடியம் ஹெவி, பின்பிடி எட்டு அல்லது ஒன்பது அங்குலத்துக்கு மிகாதது. இரண்டு வாங்க முடிந்தால் இரண்டாவதாக எட்டு அடியை வாங்குங்கள், ஏழு அடியை அல்ல. ஆறுக்கும் ஏழுக்கும் இடையே உள்ள வித்தியாசம் எங்கள் கரைகளில் இரண்டாவது செலவுக்குத் தகுந்ததாக இல்லை. உங்கள் கரை முழுவதும் மேலே திறந்த வடிகாலாக இருந்தால் வரிசையைத் தலைகீழாக்கி எட்டு அடியிலிருந்து தொடங்கலாம்.

எது உங்கள் கரை என்று உறுதியாகத் தெரியாவிட்டால், பணம் செலவழிப்பதற்கு முன் மூங்கிலில் இரண்டு பிளாச்சுகளை வெட்டிக்கொள்ளுங்கள்: ஒன்று ஆறு அடி, மற்றொன்று எட்டு அடி. அடியிலிருந்து எட்டு அங்குலம் விட்டு ஒரு துணியைச் சுற்றி, அங்கே பிடித்துக்கொண்டு, வழக்கமாக நீங்கள் நிற்கும் நான்கைந்து இடங்களுக்கும் ஒரு மாலையில் நடந்து போங்கள். ஒவ்வோர் இடத்திலும் தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் ஒருமுறை சுழற்றிப் பாருங்கள். பிறகு நுனியைச் செடிகளைத் தாண்டித் தண்ணீருக்கு மேல் நீட்ட முடிகிறதா என்று பாருங்கள். எந்தப் பிளாச்சு எத்தனை இடங்களில் கிளையில் தட்டியது, எத்தனை இடங்களில் தண்ணீரை எட்டவில்லை என்று துணியில் முடிச்சு போட்டுக்கொண்டு வந்து, அந்தப் பிளாச்சையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ராடை அதன் பக்கத்தில் வைத்து, பின்பிடி துணி சுற்றிய இடத்தைத் தாண்டுகிறதா என்று அங்கேயே அளந்து பார்த்து வாங்கலாம்.